முன்பக்கம் சமையல், பின்பக்கம் இலக்கு



நம்மவர் இல்லங்களில் எழுதப்படாத நூல் ஒன்று உண்டு. அதுவே நம் தாய்மாரின் சமையல். அதற்கு ஏடும் இல்லை, அச்சும் இல்லை. தாயிடமிருந்து மகளுக்கு அடுப்படியில் நின்றபடியே அது கைமாறி வந்தது. தாய் ஊரிலும் மகள் ஜேர்மனியிலும் வாழும் இந்நாளில் அந்தக் கைமாற்றம் அறுந்துபோகும் நிலை தோன்றியுள்ளது. அதனை அறாமற் காக்க முனைந்த ஓர் இளந்தாயைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம். அவரது விருப்பப்படி பெயரையும் வசிக்கும் நகரத்தையும் தவிர்த்துள்ளோம்.

அவருக்கு வயது இருபத்தேழு. க.பொ.த. உயர்தரம் வரை கற்றவர். கொழும்பில் 'ஏ-1' என்னும் முதல்நிலை ஜேர்மன் மொழிச் சோதனையில் தேறி, மணமுடித்து இங்கு வந்தவர். கணவர் உணவகம் ஒன்றின் சமையலறையில் பணிபுரிகின்றார். நண்பகலிற் சென்றால் நள்ளிரவிலேயே திரும்புவார். ஒன்றரை வயதுக் குழந்தையுடன் மூன்றாம் மாடியில் நாள் முழுவதும் தனித்திருக்கும் இப்பெண், ஒருநாள் கடையில் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினார். அதன் முன்பக்கத்திலிருந்து தாயாரின் சமையற் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தமது இலக்குகளை எழுதத் தொடங்கினார்.

முதலில் முன்பக்கத்தைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, அவரது தாயார் அம்மியையும் உரலையும் விட்டுவிட்டே நடந்தார். சமையலறிவு மட்டும் கூடவே வந்தது. அதைக் கேட்டெழுத முயன்ற மகளுக்குக் கிடைத்த விடையோ, "கண்மட்டமாப் போடு பிள்ளை, கைக்குத் தெரியும்" என்பதுதான். ஒரு சிறங்கை, ஒரு சுண்டு, புளியங்கொட்டையளவு என்பனவே தாயாரின் அளவைகள். மகள் தாயாரைத் தொலைபேசியிலே சமைக்கச் சொல்லி, ஒவ்வொரு சிறங்கையையும் தாமும் அள்ளித் தராசில் நிறுத்து, கிராமாக எழுதினார். மகப்பேற்றின் பின் உண்ணும் சரக்குக் கறிக்கு மல்லி, மிளகு, நற்சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி எனப் பட்டியல் வளர்ந்தது. செத்தல் மிளகாய் சேராது என்ற குறிப்பும் இடம்பெற்றது. இவ்வாறு இருபத்திரண்டு குறிப்புகள் சேர்ந்துள்ளன. ஒவ்வொன்றின் கீழும் அது யாருடைய கைப்பக்குவம், எந்த ஊர் வழக்கம் என்றும் எழுதியிருக்கின்றார்.

அவற்றுள் ஒன்றை அவரது இசைவுடன் இங்கு தருகின்றோம். ஜூலை நடுப்பகுதியில் வரும் ஆடிப்பிறப்பை நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் (1878–1953) பாடல் வழியே நாம் அனைவரும் அறிவோம். நம் பிள்ளைகள் அப்பாடலைத் தமிழ்ப் பாடசாலையில் ஒப்புவிக்கின்றனர். கூழைச் சுவைத்தவர் சிலரே.

ஆடிக்கூழ் (நால்வருக்கு): வறுத்த சிவப்பரிசி மா 100 கிராம், வறுத்த பயறு 50 கிராம், பனங்கட்டி 150 கிராம், பேணியில் வரும் தேங்காய்ப்பால் 400 மில்லிலீற்றர், மிளகுத்தூளும் சீரகத்தூளும் அரைத் தேக்கரண்டி வீதம், தேங்காய்ச் சொட்டு ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. பயற்றை ஒரு லீற்றர் நீரில் அவியவிடுக. மாவிற் பாதியைச் சுடுநீர் விட்டுக் குழைத்துச் சிறு உருண்டைகளாக்கி, பயறு வெந்ததும் கொதிநீரில் இடுக. உருண்டைகள் வெந்தபின் எஞ்சிய மாவைத் தேங்காய்ப்பாலிற் கட்டியின்றிக் கரைத்து ஊற்றி, அடிப்பிடியாமல் துழாவுக. பனங்கட்டியைச் சிறிது நீரிற் கரைத்து வடித்துச் சேர்த்து, உப்பும் சொட்டும் தூள்களும் இட்டு, தடித்து வருகையில் இறக்குக.

இனிப் பின்பக்கம். அதில் மூன்றே வரிகள் இருந்தன. 'பி-1' சோதனையில் தேறுதல். சாரதி அனுமதிப்பத்திரம் பெறுதல். தாதிமைத் தொழிற்பயிற்சியிற் சேர்தல். "ரீச்சர், சமையல் எழுதின பக்கத்தை எல்லாரும் வாங்கிப் பார்க்கினம். இந்தப் பக்கத்தை ஒருத்தரும் திருப்பிப் பார்க்கேல்லை" என்று அவர் கூறியபோது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது. விருந்துகளில் அவர் கைப்பக்குவத்தைப் புகழ்ந்த எவரும், அவர் மேலே என்ன செய்ய விரும்புகின்றார் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பது குறைந்த பணி என்று நாம் கூறவில்லை. அதனையே தம் இலக்காக விரும்பி ஏற்கும் தாய் போற்றுதற்குரியவர். வேறு விருப்பம் இருந்தும் கேட்பாரின்றி அது உள்ளேயே மடிவதுதான் துன்பம். பிள்ளைகள் பத்து வயதிலேயே தாய்க்கு மொழிபெயர்ப்பாளராகி வைத்தியரிடமும் அலுவலகத்திலும் உடன் செல்வதை நாம் காண்கின்றோம். அச்சுமை பிஞ்சுத் தோள்களுக்கு உரியதன்று.

வழிகள் இல்லாமலும் இல்லை. 2013 ஆகஸ்ட் 1 முதல் ஜேர்மனியில் ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குப் பகற் பராமரிப்பு இடம் கோரும் சட்ட உரிமை உண்டு. இடம் எளிதிற் கிடைப்பதில்லை என்பது உண்மையே. ஆகையால் முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். 2005இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைப்பு வகுப்பின் பொது வடிவம் 600 மணிநேர மொழிப்பாடமும் 100 மணிநேர நாட்டறிமுகப் பாடமும் கொண்டது. 'பி-1' நிலையே அதன் குறிக்கோள். யார் எவ்வகையிற் சேரலாம் என்பது வதிவிட அனுமதியைப் பொறுத்து வேறுபடும். ஆலோசனை நிலையத்தில் நேரிற் கேட்டறிக. நாட்டில் பெற்ற கல்வித் தகைமைகளை மதிப்பிடுவித்தலும் இயலும். தாதிமைப் பயிற்சி மூன்று ஆண்டுகள். பகுதிநேரமாயின் ஐந்து ஆண்டுகள் வரை நீளலாம். பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு. அதற்குப் பொதுவாக 'பி-2' மொழியறிவு கேட்கப்படுகின்றது.

ஆசிரியப் பணியில் நாம் கண்ட உண்மை ஒன்று: "படிக்க வேண்டும்" என்று சொல்பவர் பலர்; "செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் படிப்பேன்" என்பவரே படித்து முடிப்பவர். கண்மட்டத்தில் இருக்கும்வரை அது ஆசை. நாளும் அளவும் குறித்தால்தான் அது இலக்கு. தாயின் சிறங்கையைக் கிராமாக்கத் தெரிந்த பெண்ணுக்கு இது கடினமன்று. இன்று அவரது 'பி-1' வரியின் எதிரே சோதனைத் திகதி எழுதப்பட்டுள்ளது. கணவர் தம் ஓய்வு நாட்கள் இரண்டிலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இசைந்துள்ளார். உணவகத்தில் ஊருக்கெல்லாம் சமைக்கும் அவர், அந்நாட்களில் இல்லத்து அடுப்பையும் ஏற்றுக்கொண்டாராம்! கொப்பியின் முன்பக்கம் அவருக்கும் பயன்படுகின்றது.

கணவன்மாரே, மாமன் மாமியரே, உங்கள் இல்லத்து இளந்தாயிடம், "உமக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை உடனே வாராது. நெடுநாள் கேட்கப்படாத வினாவுக்கு விடை கூற நேரம் வேண்டும். பொறுத்திருந்து கேளுங்கள்.

இளந்தாய்மாரே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். வரும் ஞாயிறன்று ஊரிலுள்ள தாயாருக்கோ பேத்தியாருக்கோ தொலைபேசி எடுங்கள். ஒரே ஒரு கறியை அளவோடு கேட்டெழுதுங்கள்; அவர்கள் குரல் கேட்கும் காலத்திலேயே இது செய்யப்படல் வேண்டும். பின்பு கொப்பியைத் திருப்பி, ஒரே ஒரு இலக்கைத் திகதியோடு எழுதுங்கள். எழுதியதை வீட்டில் உள்ளோர் காணும்படி மேசைமேல் வையுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.