பாறை ஏறிய பழைய வண்டிகள்
ரிமோட் வண்டிகளைப் பாறையில் ஏற்றி விளையாடும் அமெரிக்கர்களில் பலர் இன்னும் பழைய வண்டிகளை நினைத்து ஏங்குகிறார்கள். அதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987-இல் கொண்டுவந்த கிளாட் பஸ்டர் பாறைக்காகப் பிறந்ததே அல்ல. பெரிய சக்கரங்கள் கொண்ட மான்ஸ்டர் டிரக் அது. ஆனால் முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். பாறைப் பித்துப் பிடித்தவர்கள் அந்த அச்சுகளை மட்டும் கழற்றி, தாங்களே செய்த சட்டத்தில் மாட்டினார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அச்சின் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் அதையெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே கொடுத்துவிடும், வண்டி அசையாது. ஆகவே அதைத் திறந்து பசையை ஊற்றிப் பற்சக்கரங்களை இறுகப் பூட்டினார்கள். செங்குத்தான ஏற்றத்தில் வண்டி மல்லாந்துவிடாமலிருக்க முன் சக்கரங்களுக்குள் ஈயத்துண்டுகளை ஒட்டினார்கள். பிறகு ஆக்சியல் நிறுவனத்தின் ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன் பாறைக்கென்றே வந்தது. அதையும் பிரித்து மாற்றாமல் யாரும் விட்டுவைக்கவில்லை. 2017-இல் வந்த டிராக்ஸஸ் நிறுவனத்தின் டிஆர்எக்ஸ்-4-இல் டிஃபரென்ஷியலைக் கையிலுள்ள ரிமோட்டிலேயே பூட்டலாம், திறக்கலாம். அருமையான வண்டிதான். ஆனால் எடை எங்கே இருந்தால் வண்டி கவிழாது, எந்தச் சக்கரம் ஏன் வழுக்குகிறது என்பதையெல்லாம் வேறு யாரோ முன்பே யோசித்து முடித்துவிட்டார்கள். அந்த யோசனைதான் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்று நினைக்கிறேன். கிளாட் பஸ்டரை டாமியா மறுபடி வெளியிட்டிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதில் ஒன்றை வாங்கி, ஓட்டுவதற்கு முன் அச்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.