விளையாட்டிலும் மதிப்பெண்ணோ?

எம் விடுதித் தோழர் ஒருவர், வரும் கோடை விடுமுறையில் தம் பாட்டியாருடன் கலிபோர்னியாவில் வாழும் தமக்கையார் இல்லத்திற்குச் செல்லவிருக்கின்றார். ஆங்கிருக்கும் காலத்து ஒரு நாள் ஆனகைம் நகரத்து டிஸ்னிலாந்துப் பூங்காவைக் கண்டு வருவது குடும்பத்தார் எண்ணம். அதற்கென அவர் வகுத்த நிகழ்ச்சி நிரலை எமக்குக் காட்டினார். காலை ஏழரை மணிக்கு வாயிலில் நிற்றல் முதலாக இரவு வாணவேடிக்கை ஈறாகப் பதினைந்து நிமிடத்திற்கு ஒரு கட்டம் கீறி, கட்டந்தோறும் ஓர் ஊர்தியின் பெயர் எழுதியிருந்தார். எம் கல்லூரிக் கால அட்டவணையிலாவது நண்பகலுணவிற்கு இடைவேளை உண்டு. அந்நிரலில் அதுவும் இல்லை. களிப்பதற்கென்றே ஒதுக்கிய நாள் இங்ஙனம் உழைப்பு நாளாக மாறியது எவ்வாறு என்று ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

அந்நிரலிற் பேரிடம் பெற்றவை, ஆங்கிலத்தில் டார்க் ரைடு எனப்படுவன. யாம் அவற்றை இருட்பயணம் என்போம். ஒளி புகாத கட்டடத்தினுள் சிறு வண்டியிலோ படகிலோ அமர்ந்து செல்வோர், வளைவுதோறும் திடுமெனத் தோன்றும் காட்சிகளைக் கண்டு மீள்வர். இதன் வரலாறு சுவையுடையது. முன்னாளில் நீரோடை வெட்டிப் படகு விடும் முறையே பெருவழக்காய் இருந்தது. அதற்குச் செலவு மிகுதி. நியூஜெர்சி மாநிலத்தில் சிறு பூங்கா ஒன்றை நடத்திய லியோன் காசிடி என்பார், நீரோடைக்குப் பொருள் இன்மையால், ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் மின்வண்டி வளைந்து வளைந்து ஓடும் இருட்பயணத்தை 1928-இல் அமைத்தார். ஏறினோர் உடலை அது முறுக்கியமையின் பிரெட்சல் என்னும் முறுக்கிய தின்பண்டத்தின் பெயர் அதற்கு வாய்த்தது. (நம்மூரிற் பிறந்திருப்பின் முறுக்கு வண்டி என்றே வழங்கியிருப்பர்.) 1930-இல் அவ்வகை வண்டி இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரை அடைந்தபோது, அத்தின்பண்டம் இன்னதென அந்நாட்டார் அறியாராகலின், அந்நாளிற் புகழ் பெற்றிருந்த ஒரு நாடகத்தின் பெயரை ஏற்றுப் பேய் ரயில் ஆயிற்று. வறுமை ஈன்ற பிள்ளைகளுள் இதுபோல் வளர்ந்தது அரிது.

1955 ஜூலை 17-ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, ஸ்நோ ஒயிட் கதையைக் கொண்ட இருட்பயணமும் ஆங்கு இருந்தது. அதன்கண் ஒரு புதுமை உண்டு. கதைத்தலைவியின் உருவம் உள்ளே வைக்கப்படவில்லை. என்னை? வண்டியில் அமர்ந்திருப்பவரே ஸ்நோ ஒயிட் என்பது அமைத்தோர் கருத்து. சூனியக்காரி ஆப்பிளை நீட்டுவதும் அவரை நோக்கியே. காண வந்தோர் பலர் இந்நுட்பத்தை உணராது, தலைவி எங்கே என்று வினவலாயினர். 1983-இல் புதுப்பித்தபோது அவள் உருவத்தையும் சேர்த்துவிட்டனர். எமக்கோ முந்தைய அமைப்பே உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. காண்போன் கையை அசையாதிருந்தும் கதையினுள் நின்றான். அவன் நெஞ்சம் அங்கே உழைத்தது.

இக்காலத்தார் காண்போனைக் கதையினுட் புகுத்த வேறொரு வழி கண்டனர். அவன் கையில் ஒரு கருவியைக் கொடுத்தனர். 1998-இல் புளோரிடா மாநிலத்து டிஸ்னி பூங்காவில் பஸ் லைட்இயர் பெயரால் தொடங்கிய பயணத்தில், ஒளிக்கதிர்த் துப்பாக்கியால் இலக்குகளை எய்தல் வேண்டும். வட்ட இலக்கிற்கு 100 புள்ளி, சதுரத்திற்கு 1,000, சாய்சதுரத்திற்கு 5,000, முக்கோணத்திற்கு 10,000. வண்டியின் முன்புறத்தே எண் ஏறிக்கொண்டே இருக்கும். ஆனகைமில் 2005-இல் அதன் தங்கை தோன்றிற்று. 2021-இல் வந்த வெப் ஸ்லிங்கர்ஸ் என்பதிலோ துப்பாக்கியும் வேண்டா. கையை வீசினாற் போதும், படக்கருவி அவ்வசைவைக் கண்டு திரையில் சிலந்திவலை எய்கின்றது. அதே ஆண்டில் ஒசாக்கா நகரத்து யூனிவர்சல் பூங்காவில் திறந்த மரியோ கார்ட் பயணத்தில், ஏறுவோர் தலையில் ஒரு முகக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, கண்முன் மிதக்கும் பகைவர்மேல் ஓடுகளை எறிந்து நாணயம் சேர்க்கின்றனர். இவற்றின் பொறித்திறனை யாம் இகழ்ந்திலம், வியக்கின்றோம். எம் வழக்கு அந்த எண்ணைக் குறித்ததே.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினாற் பிறக்கும் என்பது அவர் கொள்கை. பழைய இருட்பயணம் இந்நான்கினையும் ஒருங்கே தரவல்லது. 1969-இல் திறந்த ஹாண்டட் மேன்ஷன் என்னும் பேய்மாளிகையில், பெருங்கண்ணாடி ஒன்றின் பிரதிபலிப்பால் வெற்றுமண்டபத்தே உருவங்கள் தோன்றி ஆடி மறைகின்றன. 1862-இல் இலண்டன் மேடையில் பெப்பர் என்பார் காட்டிய அதே உத்திதான். ஒன்று பிறிதொன்றாதலாகிய ஆக்கத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை. இனி, புள்ளி எண்ணும் பயணம் மருட்கையை விடுத்துப் பெருமிதத்தை நாடுகின்றது. பெருமிதமும் மெய்ப்பாடேயெனின், ஆம். ஆயினும் அது கல்வியாலும் தறுகண்மையாலும் புகழாலும் கொடையாலும் பிறத்தற்குரியது. மூன்று நிமிடத்தில் முக்கோணத்தைச் சுட்டதனாற் பிறக்கும் பெருமிதம் எவ்வகையது? அன்றியும், எண்ணை நோக்கும் கண் காட்சியை நோக்காது. எத்துணையோ கைவினைஞர் உழைத்து அமைத்த அறை ஒன்று, சுடுவோனுக்கு வெறும் இலக்குப் பலகையாகிவிடுகின்றது.

மற்றொன்று. பழைய வண்டியில் எழுபது வயதுப் பாட்டியாரும் ஏழு வயதுப் பெயரனும் ஒருங்கே அஞ்சினர், ஒருங்கே சிரித்தனர். ஒருவர்க்கு ஒருவர் தாழ்ந்தாரல்லர். புதிய வண்டியில் ஒருவர் வென்றவர், ஒருவர் தோற்றவர். கை நடுங்குவோர்க்குக் கடைசி இடம். ஆலயத்திற் சபையார் ஒருங்கு பாடுங்கால், எவர் குரலுக்கும் மதிப்பெண் இடுவாரில்லை; அதனாலன்றோ குரலில்லாத எம்போல்வாரும் வாய்திறந்து பாடுகின்றோம்? தேர்வு மண்டபத்தினின்று தப்பிச் சென்ற மாணவனைப் பூங்காவிலும் மதிப்பெண் துரத்துவது கொடுமை.

"பிள்ளைகள் வாளா அமர்ந்திருக்க விரும்புவரோ? எதையாவது செய்யவன்றோ அவர் கை துடிக்கின்றது?" என்று தோழர் வினவினார். நேரிய வினாவே. இதற்கு விடை தோக்கியோ டிஸ்னிலாந்தில் உள்ளது. 2009 ஏப்ரலில் ஆங்குத் திறந்த மான்ஸ்டர்ஸ் இன்க் பயணத்தில், ஏறுவோர்க்குத் துப்பாக்கி இல்லை, கைவிளக்கு உண்டு. இருளில் ஒளிந்திருக்கும் விந்தை விலங்குகளை விளக்கொளி பாய்ச்சித் தேடுவதே விளையாட்டு. கண்டால் அவை எட்டிப்பார்க்கும், அசையும். புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. கையும் உழைக்கின்றது, மருட்கையும் கெடவில்லை. பெயரன் காணாததைப் பாட்டியார் காட்டலாம். எம் பகை கருவியன்று, எண்ணே என்பது இதனால் விளங்கும்.

நிற்க. அவ்வெண் வண்டியோடு நின்றபாடில்லை. வெப் ஸ்லிங்கர்ஸ் பயணத்திற்கெனக் கைப்பட்டைகள் விற்கப்பட்டன. அவற்றை வாங்கி அணிந்தோர் எய்யும் வலைக்குத் தனியாற்றல் சேர்ந்தது. பொருளுடையோன் விளையாட்டிலும் வலியோன் ஆனான். வரிசையும் அத்தகையதே. 1999-இல் தொடங்கிய பாஸ்ட்பாஸ் முறையில், குறித்த நேரத்தில் வந்து விரைந்து ஏறுதற்குரிய சீட்டு எல்லார்க்கும் இலவசமாய்க் கிடைத்தது. 2021-இல் அதனைக் கைவிட்டு, பணம் கொடுப்போர்க்கே அவ்வசதி என்றனர். 2024-இல் அதன் பெயர் மாறிற்று, விலை ஒழியவில்லை. பணம் கொடுத்தவனும் கைபேசியை நோக்கி அடுத்த நேரம், அடுத்த நேரம் என்று நாள் முழுதும் கணக்கெழுதுகின்றான். எம் தோழரின் நிரல் பதினைந்து நிமிடக் கட்டங்களாய்ச் சிதைந்தமைக்கு மூலம் இதுவே. பழைய பூங்கா இலவசமாய் இருந்ததென்று யாம் கூறோம். 1982 வரை அங்கே ஏ முதல் ஈ ஈறாகத் தரம் பிரித்த சீட்டுப் புத்தகங்கள் வழங்கின. ஆயினும் சீட்டைக் கொடுத்தபின் அனைவரும் ஒரே வரிசையில் நின்றனர்.

அன்றிரவே தோழரும் யாமும் அந்நிரலைத் திருத்த உட்கார்ந்தோம். எதிர்வாயிலில் உள்ள, 2001-இல் திறந்த இரண்டாம் பூங்காவை முற்றும் நீக்கினோம்; ஒரே நாளில் இரண்டினுள்ளும் புகத் தனிவிலைச் சீட்டு வேண்டும், பாட்டியாரின் முழங்காலும் அதற்கு இசையாது. அதனோடு வெப் ஸ்லிங்கர்ஸும் போயிற்று. காலையில் வாயில் திறக்குமுன் சென்று சேர்தலை மட்டும் அவ்வாறே வைத்தோம். கூட்டம் பெருகுமுன் வரும் முதல் இரண்டு மணி நேரம் பொன் போன்றது. முதலில் 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் படகு. அதில் ஏறத்தாழ 15 நிமிடம் அமர்ந்து செல்லலாம், இரு சிறு சறுக்கல்களே உண்டு. அடுத்துப் பேய்மாளிகை. இவ்விரண்டிற்கும் உயர வரம்பு இல்லை. தமக்கையாரின் கைக்குழந்தை ஏறலாகாத ஊர்திகளில், பெற்றோர் ஒருவர் ஏறி வந்தபின் மற்றவர் மீண்டும் வரிசையில் நில்லாது ஏற இலவச ஏற்பாடு உண்டென்று அறிந்து, அதனையும் ஓரத்தில் குறித்தோம். பன்னிரண்டு முதல் மூன்று வரை ஒன்றும் எழுதவில்லை.

பஸ் லைட்இயரை அடிக்க யாம் பேனாவை எடுத்தபோது, தோழர் எம் கையைப் பற்றிக்கொண்டார். தமக்கையார் மகன் ஆறு திங்களாக அதையே பேசிக்கொண்டிருக்கின்றானாம். மாலை நான்கு மணிக் கட்டத்தில் அதனை மீண்டும் எழுதினோம். பாட்டியாரும் அவனுடன் ஏறுவதாகச் சொல்லியிருக்கின்றார்.