ஊரில் மின் நிலையம், பள்ளியில் பிசிக்ஸ் இல்லை

மூன்றாம் படிவம் முடியும் நேரத்தில் பிள்ளை ஒரு பாரத்தைக் கொண்டுவந்து நீட்டும். நாலாம் படிவத்தில் என்னென்ன பாடம் வேண்டும் என்று அதில் கோடு போட வேண்டும். இயற்பியலும் அச்சாகியிருக்கும். ஆசையாகக் கோடு போட்டுக் கொடுத்தால், "போதுமான பேர் சேரவில்லை", "ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார்" என்று பதில் வரும். மெனு கார்டில் உண்டு, அடுப்பில் இல்லை!

2020-இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற தடுப்பை எடுத்தார்கள். விருப்பப்பட்டதைப் படிக்கலாம் என்றார்கள். பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்கு அது சரி. கேமரன் மலையில் கோலா தெர்லா, கம்போங் ராஜா பக்கத்துப் பிள்ளைக்கு விருப்பம் மட்டும் இருந்து என்ன செய்ய? நூற்றுக்கு அறுபது மாணவர்கள் அறிவியல், தொழில்நுட்பம் படிக்க வேண்டும் என்று 1967-லேயே பேசிய நாடு இது. எண்ணிக்கை குறைகிறதே என்று இன்னும் மாநாடு போட்டுக் கவலைப்படுகிறார்கள். குறையாமல் என்ன செய்யும்?

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், இயற்பியல் இந்த ஊரில் கொட்டிக் கிடக்கிறது. கோலா தெர்லாவிலேயே ஒரு சிறிய நீர்மின் நிலையம் உண்டு, 0.5 மெகாவாட். நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் சுமார் 51 மீட்டர் இறங்கினால், இழப்பைக் கழிக்காமல், அவ்வளவு மின்சாரம் வரும். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் முடிந்தது, நாலாம் படிவக் கணக்குத்தான். தெலோம் ஆற்றுத் தண்ணீரைக் குகை வெட்டிப் பெர்தாம் பக்கம் திருப்பி, 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, மறுபடி மலையைக் குடைந்து பேராக் பக்கம் அரை கிலோமீட்டருக்கும் மேல் இறக்கி, ஜோர் நிலையத்தில் 100 மெகாவாட் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த ஆற்றைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அதைக் காட்டிப் பாடம் நடத்தத்தான் ஆள் இல்லை.

புத்தகத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். நம் வீட்டு அடுப்பில் 96 டிகிரிக்கு முன்னே பின்னே கொதித்துவிடும், மலை உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்? காய்கறி லாரி சிம்பாங் பூலாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் ஏன் தீய்ந்த நாற்றம் வருகிறது என்பதும் பிசிக்ஸ்தான்.

பாடம் நடக்கிற இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் இல்லை. பரிசோதனையை வீடியோவில் காட்டிவிட்டு அட்டவணையைக் காப்பி எடுக்கச் சொல்கிறார்கள். எஸ்.பி.எம். மூன்றாம் தாளோ செய்முறைத் தேர்வு, ஆய்வுக்கூடத்தில் நின்று கையால் செய்ய வேண்டும். ஊசலைத் தொட்டே பார்க்காத பிள்ளை அங்கே போய் என்னத்தைச் செய்யும்? டியூஷனுக்கு ஈப்போவுக்கு இறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு பயம் வேறு. ஆன்லைன் வகுப்பு என்றால், வாத்தியார் சூத்திரத்தைச் சொல்லும் நேரம் பார்த்து லைன் போய்விடும்.

இதற்கு நடுவில் உறவுக்காரர்களின் அறிவுரை: "எதுக்கும்மா வம்பு? அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லு, ஏ கிடைக்கும்." அக்கவுண்ட்ஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பொறியியலுக்கு இயற்பியல் வேண்டும் என்ற விஷயம் பல வீடுகளில் ஐந்தாம் படிவம் முடிந்து மெட்ரிகுலேஷனுக்கு மனுப் போடும்போதுதான் தெரிகிறது. அப்போது யாரைப் போய்க் கேட்பது? அறிவுரை சொன்னவர் போனை எடுக்க மாட்டார்.

மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் பெற்றோரே, பாரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பள்ளிக்குப் போய், இயற்பியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம், லைன் வீட்டுக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டால் "தெங்கோக் டுலு" என்பார்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.