அழுமூஞ்சிகள் என்று சொல்வதற்கு முன்

பத்திரிகைத் தொழிலில் என்னோடு நெடுங்காலம் அருகருகே அமர்ந்து எழுதிய நண்பர் ஒருவர், இப்போது புலம்பெயர்ந்து வாழ்பவர், அண்மையில் தொலைபேசியில் உரையாடுகையில் ஒரு சொல்லை உதிர்த்தார். பெயர்பெற்ற கணினி விளையாட்டொன்றின் அடுத்த பாகம் வெளிவந்ததும் ரசிகர்கள் எழுப்பும் கூச்சலைப் பற்றிப் பேச்சு வந்தது. "மீசை முளைத்த அழுமூஞ்சிகள்" என்றார் நண்பர்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கருத்து அவருடைய சொந்தச் சரக்கன்று. 2012ஆம் ஆண்டிலே ஆங்கில விமர்சகர்கள் பலர் இதே கருத்தைத்தான் வேறு சொற்களில் எழுதித் தள்ளினார்கள். தமக்கு உரித்தில்லாத ஒன்றை உரிமையென்று கோருகிறார்கள், எதைக் கொடுத்தாலும் திருப்தியடையாதவர்கள், மாற்றம் என்றாலே ஒவ்வாதவர்கள் என்றெல்லாம் ரசிகர்கள் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. இக்குற்றச்சாட்டு பொய் என்பது என் கட்சி. அதுவும் விற்பவனுக்கு மிக வசதியான பொய்.

ஐம்பதைக் கடந்தவனுக்கு இதிலே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோவில் தங்கை வீட்டில் ஒரு பனிக்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. வெளியே கால்வைக்க முடியாத குளிர். மருமகன் தன் கணினியில் 'ஃபோல்அவுட்' என்ற விளையாட்டின் முதற்பாகத்தை எனக்காகத் திறந்துவைத்தான். 1997இல் இன்டர்பிளே நிறுவனம் வெளியிட்டது. டிம் கெயின் என்பவரின் தலைமையில் உருவானது. பாத்திரமேற்று ஆடும் வகையைச் சேர்ந்தது. அதாவது, நாம் ஒரு மனிதனை உருவாக்கி, அவனுடைய பலத்தையும் பலவீனத்தையும் நாமே தீர்மானித்து, அவனாக நின்று அக்கதையில் வாழவேண்டும்.

அணு யுத்தத்தினால் அழிந்த அமெரிக்கா. நிலத்துக்கடியில் ஒரு காப்பறைக்குள் தலைமுறைகளாக அடைபட்டிருக்கும் மக்கள். நீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சில்லு பழுதாகிவிட, மாற்றுச் சில்லைத் தேடி வர 150 நாள் அவகாசத்துடன் நம்மை வெளியே அனுப்புகிறார்கள். புத்தி குறைந்த ஒருவனை நாம் உருவாக்கினால் அவனால் ஒழுங்காகப் பேசவும் முடியாது, உறுமலோடு சரி. புத்தியும் நாவன்மையும் கொண்ட ஒருவனை உருவாக்கினாலோ, இறுதிப் பகைவனான 'மாஸ்டர்' என்பவனைச் சுடாமலே வெல்லலாம். மனிதகுலம் முழுவதையும் தன் புதிய இனமாக உருமாற்றத் துடிப்பவன் அவன். அந்த இனத்தினால் பிள்ளை பெறமுடியாது என்பதற்கான ஆதாரத்தைத் தேடியெடுத்து அவன் முன் வைத்தால், தான் செய்த கொடுமைகளெல்லாம் வீண் என்பதை உணர்ந்து அவன் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறான். வெற்றியோடு வீடு திரும்பினால், காப்பறைத் தலைவன் வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வராதே என்று நாடுகடத்திவிடுகிறான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்பதை வெட்கமின்றி எழுதுகிறேன்.

நிற்க. 1998இல் இரண்டாம் பாகம் வந்தது. 2003 டிசம்பரில், அதை ஆக்கிய பிளாக் ஐல் பிரிவு மூடப்பட, மூன்றாம் பாகம் பாதியிலே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பெயரில் ஒரு கிளைவிளையாட்டு வந்தது. சுடுவது, அடிப்பது, முன்னேறுவது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ரசிகர்கள் அதை இன்றுவரை குடும்பத்துப் பிள்ளையாக ஏற்றதில்லை. கடனில் மூழ்கிய இன்டர்பிளே, 2007இல் பெத்தெஸ்டா நிறுவனத்துக்குப் பெயரையும் உரிமையையும் 57 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விற்றது. 2008இல் பெத்தெஸ்டாவின் 'ஃபோல்அவுட் 3' வெளிவந்தது.

வருவதற்கு முன்பே பழைய ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். பெத்தெஸ்டாவின் முந்தைய விளையாட்டான 'ஒப்லிவியன்' கையில் துப்பாக்கியைக் கொடுத்தது போல இருக்கிறது என்பது அவர்களுடைய ஏளனம். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் பழைய கோணம் போய், கதாநாயகனின் கண்ணூடாகப் பார்க்கும் கோணம் வந்துவிட்டது. முறைவைத்து ஆடும் சண்டையும் போய்விட்டது. பார்க்கும் கோணத்தை வைத்தே ஒரு படைப்பு செத்துவிட்டது என்று தீர்ப்பெழுதியவர்கள் தவறிழைத்தார்கள். இதை மறைக்க நான் வரவில்லை. பாழடைந்த வாஷிங்டன் நகரத்தினூடாக அலைந்து திரியும் அனுபவம் அவ்விளையாட்டில் உண்மையிலேயே சிறப்பானது.

ஆனால் முடிவைப் பாருங்கள். நீர் சுத்திகரிப்பு நிலையத்தை இயக்க, கொடிய கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போயாகவேண்டும். போனால் மரணம். நமக்குப் பக்கத்தில் ஃபோக்ஸ் என்ற தோழன் நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றுஞ்செய்யாது. இதே கதையில் சற்று முன்னர் அத்தகைய இடமொன்றுக்குள் நமக்காகப் போய்வந்தவனும் அவனே. "நீ போய்வா" என்று கேட்டால், இது உன்னுடைய விதி, நான் குறுக்கிடமாட்டேன் என்கிறான்! கதாசிரியர் எழுதிவைத்த தியாகக் காட்சி கெட்டுவிடுமே என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது. ரசிகர்கள் முறையிட்டார்கள். 2009 மே மாதத்தில் ஒரு கூடுதற் பாகம் விலைக்கு வந்தது. அதில் ஃபோக்ஸை அனுப்பலாம். அனுப்பினாலோ, கதைசொல்லியின் குரல் நம்மைக் கோழையென்று பொருள்படப் பழிக்கிறது. பிழையைத் திருத்தக் காசும் வாங்கி, பிழையைச் சுட்டியவனுக்கு ஒரு குட்டும் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பின்னும் அழுமூஞ்சிகள் யார்?

மாற்றத்தை வெறுப்பவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். இதைப் பொய்யென்று காட்ட 2010ஆம் ஆண்டே போதும். அவ்வாண்டு பெத்தெஸ்டாவுக்காக ஒப்சிடியன் நிறுவனம் 'நியூ வேகஸ்' என்ற விளையாட்டை ஆக்கிக்கொடுத்தது. மூடப்பட்ட பிளாக் ஐலின் ஆட்கள் சிலர் அங்கே இருந்தார்கள். கொடுக்கப்பட்ட காலம் ஏறத்தாழ 18 மாதம். 'ஃபோல்அவுட் 3' எந்த இயந்திரத்தில் ஓடிற்றோ அதே இயந்திரம். அதே கண்ணூடாகப் பார்க்கும் கோணம். அதே நேரடிச் சண்டை. வெளிவந்த நாளில் வழுக்களும் மலிந்திருந்தன. பழைய ரசிகர்கள் வெறுப்பது மாற்றத்தைத்தான் என்றால் இதையும் தூக்கியெறிந்திருக்க வேண்டுமல்லவா? மாறாக, தலையிலே வைத்துக் கொண்டாடினார்கள். காரணம் என்ன? இறுதியில் எதிர்ப்படும் தளபதி லேனியஸ் என்பவனைப் பேசியே பின்வாங்கச் செய்யலாம். அணையைப் பிடித்தாலும் இத்தனை தூரத்துக்கு வழங்கற்பாதையை உன்னால் காக்கமுடியாது என்று தருக்கித்து, படையோடு திருப்பி அனுப்பலாம். 1997இல் மாஸ்டரை வென்ற அதே கலை. கண்ணுக்குத் தெரிந்தவையெல்லாம் மாறியும் உயிர் அங்கேயே இருந்தது.

மருமகனிடம் இதைக் கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, படம் மாறினதுக்கு ஆர் கோவிச்சது? எங்களைக் கதைக்க விடுறாங்கள் இல்லை. அதுதான் பிரச்சினை." 2015இல் 'ஃபோல்அவுட் 4' வந்தபோது அவன் சொன்னதன் அர்த்தம் எனக்கு முழுமையாக விளங்கியது. எந்த உரையாடலிலும் நான்கே தெரிவுகள். அவையும் ஓரிரு சொற்களில். தெரிவை அழுத்தினால் கதாநாயகன் என்ன சொல்லப்போகிறான் என்பதே தெரியாது. முழு வசனத்தையும் திரையில் காட்டும் ஒட்டு ஒன்றை ரசிகர்கள் தாங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். உரையாடல் முறை எதிர்பார்த்தபடி அமையவில்லை என்பதை இயக்குநர் டொட் ஹவார்டே பின்னர் ஒத்துக்கொண்டார். முதல் 24 மணிநேரத்தில் 1 கோடியே 20 இலட்சம் பிரதிகள் கடைகளுக்குப் போயினவாம். விற்றதே, பிறகென்ன முறைப்பாடு என்று நண்பர் கேட்பார். பத்திரிகை விற்றுவிட்டால் அதில் வந்த பிழைக்குத் திருத்தம் போடவேண்டியதில்லை என்று நாங்கள் தொழில் பயின்ற காலத்தில் எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை.

இனி, என் சொந்தச் சாதியாராகிய பத்திரிகையாளரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நியூ வேகஸுக்கு மெற்றாகிரிட்டிக் என்ற தளத்தில் விமர்சகர்களின் சராசரிப் புள்ளி 84. 85 வந்திருந்தால் ஒப்சிடியனுக்கு ஊக்கத்தொகை கிடைக்கும் என்பது ஒப்பந்தம் என்று பின்னர் 2012இல் வெளிவந்தது. ஒரு புள்ளியில் தவறியது. புள்ளி போட்டவர்களில் எத்தனை பேர் அதை முடிவுவரை ஆடியிருப்பார்கள்?

அதே 2012 மார்ச்சில் பயோவெயார் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட் 3' வந்தது. மூன்று பாகம், ஐந்து ஆண்டு. முதற்பாகத்தில் நாம் செய்த தெரிவு மூன்றாம் பாகம்வரை நம்மைத் தொடர்ந்து வரும் என்பதே அத்தொடரின் பெருமை. இறுதி முடிவு ஏ, பி, சி என்று ஒன்றை எடுத்துக்கொள்வது போல இராது என்று இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன்னர் சொல்லியிருந்தார். வந்ததோ, சிவப்பு, நீலம், பச்சை என்ற மூன்று நிறத்தில் ஏறத்தாழ ஒரே காட்சி. வாக்குறுதி கொடுத்தவன் மீறினான், வாங்கியவன் கேட்டான். இதிலே உரித்தில்லாத உரிமை எங்கே வந்தது? கேட்ட விதத்தையும் பாருங்கள். நோயுற்ற பிள்ளைகளுக்கு உதவும் அறநிலையம் ஒன்றுக்கு 80,000 டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தங்கள் எதிர்ப்பைத் தெரிவித்தார்கள். நிறுவனத்துக்கு 400 கப் கேக்குகளை அனுப்பினார்கள். மேலே மூன்று நிறம், உள்ளே எல்லாம் ஒரே சுவை. இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை அவ்வாண்டு எந்தப் பத்திரிகையும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. பத்திரிகைகளோ 90ஐ அண்டிய புள்ளிகளை வாரி வழங்கிவிட்டு, வாசகர்களைக் கடிந்துகொண்டிருந்தன. பெரிய விமர்சனத் தளமொன்றின் தொகுப்பாளர் அவ்விளையாட்டிலேயே ஒரு பாத்திரமாகத் தோன்றிக் குரல் கொடுத்திருந்தார். என்ன பாத்திரம் என்கிறீர்களா? பத்திரிகையாளர்!

ஜூன் 26இல் விரிவாக்கிய முடிவு இலவசமாக வந்தது. அது பெரிதாக ஒன்றும் தேறவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் முறைப்பாடு நியாயமானதென்பதற்கு அதுவே சாட்சி.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியில், அதே நிறுவனத்தின் பெண் எழுத்தாளர் ஒருவரை, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நேர்காணலில் சொன்ன கருத்தைத் தோண்டியெடுத்து, ஒரு கும்பல் வசைபாடியது. வீட்டுத் தொலைபேசிக்கும் அழைத்துத் துன்புறுத்தினார்கள். அக்கும்பலை ரசிகர் என்ற சொல்லுக்குள் நான் சேர்க்கமாட்டேன் என்று எழுதிவிட்டுத் தப்பிக்கொள்வது எளிது. உண்மையில் அவர்களில் பலர் ரசிகர்களே. அவர்களைப் பெயர்சொல்லிக் கண்டிக்காத மற்றவர்களுக்கும் அதில் பங்குண்டு. நிறுவனங்களுக்கு இது பெரிய வாய்ப்பாகவும் போயிற்று. நியாயமான கேள்வியையும் அந்தக் கும்பலின் கணக்கிலேயே எழுதிவிடலாம் அல்லவா?

2018 நவம்பரில் வந்த 'ஃபோல்அவுட் 76' பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பேச்சினால் பெயர்பெற்ற தொடரில், பேசுவதற்குக் கதைமாந்தராக ஒரு மனிதரும் இல்லாத விளையாட்டு. இயந்திர மனிதர்களும், செத்தவர்களின் ஒலிப்பதிவுகளுமே மிச்சம். 200 டொலர் கொடுத்துச் சிறப்புப் பதிப்பை வாங்கியவர்களுக்குக் கன்வஸ் துணிப் பை என்று விளம்பரம் செய்து நைலோன் பையை அனுப்பினார்கள். முறையிட்டதும் விளையாட்டுக்குள் செலவிட 5 டொலர் பெறுமதியான செல்லாக்காசு. கூச்சல் ஓயாததால்தான் உண்மைப் பை கொடுக்கச் சம்மதித்தார்கள். 2020 ஏப்ரலில் மனிதர்களையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நம்மவர் சொல்வார்கள். நண்பருக்கும் தெரிந்திருக்கும்.

2024 ஏப்ரலில் இது தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஒரு காட்சியில் வகுப்பறைக் கரும்பலகை வருகிறது. ஷேடி சாண்ட்ஸ் என்ற நகரத்தின் வீழ்ச்சிக்கு நேரே 2277 என்று எழுதியிருக்கிறது. நியூ வேகஸ் கதை நடப்பது 2281இல். அப்போது அந்நகரைத் தலைநகராகக் கொண்ட குடியரசு உயிரோடு இருக்கிறது. அப்படியானால் நியூ வேகஸையே வரலாற்றிலிருந்து அழித்துவிட்டார்களா என்று ரசிகர்கள் குமுறினார்கள். நகர் மீது குண்டு விழுந்தது நியூ வேகஸ் நிகழ்வுகளுக்குப் பின்னரே என்று டொட் ஹவார்ட் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. கண்ணிமைக்கும் நேரம் தோன்றிய ஓர் இலக்கத்தைப் பிடித்தவர்களை நான் கேலிசெய்யமாட்டேன். அப்படிப்பட்ட ஒப்புநோக்குநர் ஒருவர் எங்கள் காரியாலயத்தில் இருந்திருந்தால் எத்தனை மன்னிப்பறிவித்தல்களை மிச்சம்பிடித்திருப்போம்!

ஒப்சிடியனும் பெத்தெஸ்டாவும் 2021 முதல் மைக்ரோசொப்டின் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இருவரும் வேறுவேறு வீட்டார் என்ற சாக்கும் இப்போது இல்லை.

தொலைபேசியை வைப்பதற்கு முன், இவற்றில் ஒன்றையாவது ஆடிப் பார்த்திருக்கிறீரா என்று நண்பரைக் கேட்டேன். இல்லை என்றார். முதற்பாகம் இப்போதும் சில டொலர்களுக்குக் கிடைக்கிறது. கிடைக்கும் இடத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். 150 நாள் அவகாசமும் கொடுத்திருக்கிறேன்.