எழுதுகிறவருக்குப் படியளப்பவர் யார்?

2007 டிசம்பர் இறுதியில் கென்யாவில் அதிபர் தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்டதும் நாடெங்கும் வன்முறை வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நேரலைச் செய்தி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. எங்கே என்ன நடக்கிறது என்பதை அறிய மக்களுக்கு எஞ்சியிருந்த வழிகளுள் ஒன்று, ஓரி ஒகோலோ என்ற சட்டம் படித்த பெண்மணி நடத்திவந்த வலைப்பூ. வன்முறை நிகழும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் கருவியை யாரேனும் உருவாக்க முடியுமா என்று அவர் அதில் கேட்டிருந்தார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா ஆகியோர் கைகோத்தனர். சில நாள்களிலேயே 'உஷாஹிடி' பிறந்தது. சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குச் 'சாட்சியம்' என்று பொருள். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது மீட்புப் பணிக்கும் அதே கருவி உதவியது.

இவர்களுள் ஹெர்ஸ்மனும் ரோட்டிச்சும் தொழில்நுட்பம் குறித்து வலைப்பூ எழுதிவந்தவர்கள். ஒகோலோ பின்னர் கூகுள் நிறுவனத்தில் ஆப்பிரிக்காவுக்கான கொள்கை மேலாளரானார். ஹெர்ஸ்மன் 2010-இல் நைரோபியில் 'ஐஹப்' என்ற தொழில்நுட்பக் கூடத்தைத் தொடங்கினார். வலைப்பூ இவர்களுக்கு வருவாய் தந்ததைவிட நற்பெயரைத் தந்தது. அந்த நற்பெயரே அடுத்த படிக்கு ஏணியாயிற்று.

இன்று லாகோஸிலும் அக்ராவிலும் நைரோபியிலும் தொழில்நுட்ப எழுத்தையே வாழ்வாதாரமாகக் கொள்ள விரும்பும் இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்குத் திறமைக்கோ செய்திக்கோ பஞ்சமில்லை. எழுத்துக்கு யார் பணம் தருவார் என்பதுதான் அவர்களை மறிக்கும் கேள்வி. அதற்கான விடை அவர்களுடைய பிழைப்போடு முடிந்துவிடுவதன்று. 140 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் கண்டம் தன்னைப் பற்றி எதை அறிந்துகொள்ளும், எதை அறியாமலே விடும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

செய்தி என்பது விந்தையான சரக்கு. உருவாக்கச் செலவு அதிகம். நகலெடுக்கச் செலவே இல்லை. இத்தகைய பொருளுக்குச் சந்தை ஒருபோதும் உரிய விலை தராது என்பது பொருளியலின் பால பாடம். ஆகவே செய்தியை இலவசமாகக் கொடுத்து, வாசகரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்பது நெடுங்கால வழக்கம். கூகுளின் விளம்பரச் சேவை பல்லாண்டுகள் 100 ரூபாய் வருவாயில் 68 ரூபாயை எழுதுபவருக்கு அளித்துவந்தது. பங்கீடு தாராளமானதுதான். ஆனால் அந்த 100 ரூபாய் திரள எத்தனை வாசகர் தேவை என்பது வாசகரின் வாங்கும் திறனைப் பொறுத்தது. லண்டனில் ஒருவர் விளம்பரத்தைச் சொடுக்குவதற்குத் தரப்படும் விலை, லாகோஸில் ஒருவர் சொடுக்குவதற்குக் கிடைப்பதில்லை.

நைஜீரியாவின் லிண்டா இக்கெஜி வலைப்பூவாலேயே செல்வந்தரானவர் என்று எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் எழுதியது திரைப்பட, இசை உலகப் பிரபலங்களைப் பற்றி. அதற்கு இலட்சக்கணக்கில் வாசகர் உண்டு. பணப் பரிமாற்ற ஒழுங்குமுறையைப் பற்றியோ கடலடி இணைய வடங்களைப் பற்றியோ எழுதுபவருக்கு அந்தக் கூட்டம் வராது. அந்த இக்கெஜியின் வலைப்பூவும், பிறர் எழுத்தை எடுத்தாண்டதாக எழுந்த புகாரால் 2014 அக்டோபரில் கூகுளின் தளத்திலிருந்து சில நாள்கள் காணாமற்போனது. பிறர் நிலத்தில் வீடு கட்டியவரின் நிலை எப்போதும் இதுவே.

வரவு குறைவு என்பதோடு, செலவு அந்நியச் செலாவணியில் என்பது அடுத்த இடர். தளத்தை இயக்கும் கணினிச் சேவைக்கும் மென்பொருளுக்கும் டாலரில் கட்டணம் செலுத்த வேண்டும்; உள்ளூர் விளம்பரம் தருவதோ நைரா. 2023 ஜூனில் நைஜீரியா செலாவணிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபோது ஒரு டாலர் சுமார் 460 நைராவாக இருந்தது. 2024-இல் அது 1,500 நைராவைத் தாண்டியது. எழுத்தாளரின் உழைப்பு அப்படியே இருக்க, அவருடைய செலவு மூன்று மடங்கானது. வெளிநாட்டு வாசகரிடம் பணம் பெறலாமே என்றால், பேபால் சேவை 2014-இல் நைஜீரியாவுக்கு வந்தபோது அதன்மூலம் பணம் அனுப்பலாம், பெற முடியாது என்ற நிலை. இப்போது தேடுபொறிகளே செயற்கை நுண்ணறிவால் பல தளங்களின் சாரத்தைத் திரட்டி விடையாகத் தந்துவிடுகின்றன. எழுதியவரின் பக்கத்துக்கு வாசகர் வரவேண்டிய தேவையும் குறைந்துவருகிறது.

ஆகவே கெட்டிக்காரர்கள் வேறு வழி கண்டனர். பங்கோலே ஒலுவாஃபெமி 2013-இல் லாகோஸில் தொடங்கிய 'டெக்கேபல்', செய்தியோடு ஆய்வறிக்கைகளும் மாநாடுகளும் நடத்தும் நிறுவனமாக வளர்ந்தது. 2015-இல் தொடங்கிய 'டிஸ்ரப்ட் ஆஃப்ரிக்கா', கண்டத்தின் புத்தொழில் நிறுவனங்களில் பாயும் முதலீட்டைக் கணக்கிட்டு ஆண்டறிக்கை வெளியிடுகிறது. நைஜீரியாவின் 'ஸ்டியர்ஸ்' பொருளாதாரப் பகுப்பாய்வு இதழாகத் தொடங்கிப் பின்னர் தரவு விற்கும் நிறுவனமாயிற்று. எழுத்து கடையின் முகப்பானது; விற்பனை உள்ளே வேறு அறையில் நடக்கிறது. இதில் தவறேதும் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் வாங்க வருபவர் யார் என்று பார்க்க வேண்டும்.

மாநாட்டுக்குப் புரவலராக வருவது புத்தொழில் நிறுவனம். அறிக்கையை வாங்குவது முதலீட்டாளர். பயிற்சிக்கு நிதி தருவது வெளிநாட்டு அறக்கட்டளை அல்லது பெரும் தொழில்நுட்ப நிறுவனம். அதாவது, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர்களே படியளக்கிறார்கள். நம்மூர்ப் பத்திரிகை உலகில் 'கவர்' என்று தாழ்ந்த குரலில் சொல்லப்படுவதை நைஜீரியாவில் 'பழுப்பு உறை' என்பார்கள். புதிய ஏற்பாட்டில் உறை தேவையில்லை. அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு அந்த நிறுவனம் வருமா என்ற கவலை ஒன்றே எழுதுகோலை மெதுவாக்கப் போதுமானது. 2022-க்குப் பின் உலகெங்கும் வட்டி விகிதம் உயர்ந்து முதலீடு சுருங்கியபோது அந்தக் கவலை மேலும் கூடியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இது வெறும் நெறிமுறைச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை, புள்ளிவிவரத்திலேயே புகுந்துவிடுகிறது. 2021-இல் ஆப்பிரிக்கப் புத்தொழில் நிறுவனங்கள் திரட்டிய முதலீடு எவ்வளவு? 'பார்ட்டெக்' என்ற முதலீட்டு நிறுவனத்தின் கணக்கு 520 கோடி டாலர். டிஸ்ரப்ட் ஆஃப்ரிக்காவின் கணக்கு சுமார் 215 கோடி டாலர், 564 நிறுவனங்கள். ஒரே ஆண்டு, ஒரே கண்டம். ஒன்று மற்றொன்றைப்போல் இரு மடங்குக்கும் மேல். இருவரும் பொய் சொல்லவில்லை. எது ஆப்பிரிக்க நிறுவனம், எது புத்தொழில் என்ற வரையறையில்தான் வேறுபாடு. 2019 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்த 'ஜுமியா'வைப் பற்றியும் இதே வாதம் எழுந்தது. வணிகம் ஆப்பிரிக்காவில், பதிவு ஜெர்மனியில், தலைமையகம் அப்போது துபாயில். அதை ஆப்பிரிக்க நிறுவனம் என்று கொண்டாடுவதா என்று கண்டத்தின் எழுத்தாளர்கள் கேட்டார்கள். கொள்கை வகுப்போர் பெரிய எண்ணைப் பார்த்து மகிழும்போது, அந்த எண்ணின் எல்லைக்கோட்டை யார் வரைந்தார் என்று கேட்க ஆள் வேண்டும். ஆனால் அப்படிக் கேட்பவருக்குச் சம்பளம் தர யாருக்கும் ஆர்வமில்லை.

துணிவுள்ளோர் இல்லாமலில்லை. 2022-இல் லாகோஸின் புத்தொழில் நிறுவனம் ஒன்றில் பணியாளர்கள் மோசமாக நடத்தப்படுவதாக டெக்கேபல் வெளியிட்ட செய்தி பெரும் விவாதத்தைக் கிளப்பியது; அதன் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. ஆனால் இத்தகைய செய்திக்கு வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். வழக்கு வந்தால் எதிர்கொள்ள வழக்கறிஞர் வேண்டும். தனி வலைப்பதிவரால் அது இயலாது. சாட்ஜிபிடியின் நச்சு உள்ளடக்கத்தை வடிகட்டக் கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான ஊதியத்தில் பணிபுரிந்ததை 2023 ஜனவரியில் உலகுக்குச் சொன்னது அமெரிக்காவின் 'டைம்' இதழ். நைரோபியில் நடந்ததை நைரோபியின் எழுத்தாளர் முதலில் சொல்ல முடியாமற்போனதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருக்க முடியாது. கைமுதல் இல்லை என்பதே காரணம்.

அரசுகள் தம் பங்குக்குக் கதவை அடைக்கின்றன. 2018-இல் தான்சானியா, வலைப்பதிவர்கள் உரிமம் பெற வேண்டும் என்று விதி செய்தது. விண்ணப்பம், உரிமம், ஆண்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 21 இலட்சம் ஷில்லிங், ஏறத்தாழ 900 டாலர். அந்நாட்டில் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தை நெருங்கும் தொகை அது. புகழ்பெற்ற 'ஜாமி ஃபோரம்ஸ்' தளமே அப்போது சிறிது காலம் மூடப்பட்டது. கேமரூனில் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் 2017 ஜனவரி முதல் 93 நாள்கள் இணையம் துண்டிக்கப்பட்டது. 'சிலிக்கான் மலை' என்று அழைக்கப்படும் பூயா நகரின் இளைஞர்கள், இணையம் எட்டும் எல்லையிலிருந்த போனாகோ என்ற சிற்றூரில் இடம்பிடித்து வேலை செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இணைய அகதிகள் முகாம்'. நைஜீரியா 2021 ஜூனிலிருந்து ஏழு மாதம் ட்விட்டரைத் தடை செய்தது. வாசகரைச் சென்றடையும் பாதையே இவ்வாறு அடைபடும்போது எந்தத் தொழில்தான் நிலைக்கும்?

இதனால் இழப்பு யாருக்கு? 2007-இல் சஃபாரிகாம் தொடங்கிய 'எம்-பெசா' கென்யாவில் கைப்பேசியையே வங்கியாக்கியது. அதன் தோளில் ஏறி வந்த கடன் செயலிகள், தவணை தவறியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் அழைத்து அவமானப்படுத்தின. இதே கதையை நம் நாட்டிலும் பார்த்தோம். இத்தகைய கடன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் 2021 டிசம்பரில்தான் கென்ய மத்திய வங்கிக்குக் கிடைத்தது. 2023-இல் 'வேர்ல்ட்காயின்' நிறுவனம் கருவிழிப் படத்துக்கு ஈடாகச் சுமார் 7,000 ஷில்லிங் மதிப்புள்ள மெய்நிகர் நாணயம் தருவதாக அறிவித்தபோது, நைரோபியின் மாநாட்டு மையத்தில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அரசு ஆகஸ்டில் அதை நிறுத்திவைத்தது. வரிசையில் நிற்பவருக்கு, அவர் கொடுப்பது என்ன, பெறுவது என்ன என்று அவருடைய மொழியில் எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும். தொழில்நுட்ப எழுத்தாளரின் உண்மையான பணி அதுதான். அந்த வரிசையில் நிற்பவர் மாநாட்டுக்கு அனுமதிச்சீட்டு வாங்குவதில்லை, ஆண்டறிக்கையும் வாங்குவதில்லை. எனவே அவருக்காக எழுதுவது இலாபமற்ற வேலையாகிவிடுகிறது.

தீர்வு எம்-பெசாவிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன். ஐந்து, பத்து ஷில்லிங்கை நொடியில் அனுப்பும் வசதி உலகின் பல பகுதிகளுக்கு வரும் முன்னரே கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்துவிட்டது. ஆயிரம் வாசகர் தரும் சிறுதொகை, ஒரு புரவலர் தரும் பெருந்தொகைக்கு அளவில் ஈடாகாது. ஆனால் எழுத்தாளர் ஒரே ஒரு முறை 'முடியாது' என்று சொல்லும் வலிமையை அது தரும். சிறு தளங்கள் ஒன்றுசேர்ந்து வழக்குச் செலவுக்குப் பொதுநிதி வைத்துக்கொள்ளலாம். எந்தக் கட்டுரைக்கு யார் பணம் தந்தார் என்பதை அதன் தலைப்பிலேயே அறிவிப்பதை வழக்கமாக்கலாம். இத்துறையில் நுழையும் இளைஞர், தொடக்கத்தில் வேறொரு வருவாயை வைத்துக்கொண்டு, சொந்த முகவரியில், ஒரே துறையில் ஆழ உழுவது நல்லது. அகல உழுவோருக்கு இந்தச் சந்தையில் விளைச்சல் குறைவு.

நமக்கும் இதில் பாடம் உண்டு. கூகுளின் விளம்பரச் சேவை தமிழை ஏற்றது 2018-இல்தான். அதற்கு முன் தமிழில் தொழில்நுட்பம் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆர்வத்தால் எழுதியவர்கள். அதன் பின்னர் பணமும் வந்தது. பெட்டி பிரித்துக் கைப்பேசியைப் புகழும் காணொளிகளும் பெருகின. அந்தக் கைப்பேசியைக் கொடுத்தது யார் என்று கேட்கும் வழக்கம் மட்டும் இன்னும் நம்மிடையே வேரூன்றவில்லை. லாகோஸ் வாசகரும் மதுரை வாசகரும் படித்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதை எழுதியவருக்கு இன்று படியளந்தது யார்? விடை 'வாசகர்' என்று அமையும் நாளில்தான் அந்த எழுத்து வாசகருக்குச் சொந்தமாகும்.