பச்சை மீன் பயமும் பக்கத்துக் கடை ஷவர்மாவும்

திருவனந்தபுரத்திலிருந்து அக்கா போன் செய்தால் ஒரே கேள்விதான். "பச்சை மீனைத் தின்னுட்டு அங்க எப்படிடா உயிரோட இருக்கே?" போன வாரமும் கேட்டாள். பின்னால் என் மருமகன் ஷவர்மா பார்சலைப் பிரிக்கும் சத்தம்!

ஜப்பான்காரன் ஒன்றும் யோக்கியன் இல்லை. 2011-ல் இங்கே பல கிளைகள் உள்ள ஒரு உணவகத்தில் யுக்கே என்ற பச்சை மாட்டிறைச்சி சாப்பிட்டு ஐந்து பேர் செத்தார்கள். ககோஷிமா பக்கம் கோழியையே பச்சையாகத் தின்பார்கள். கேம்பிலோபாக்டர் கிருமிக்குப் பயந்து நான் அதைத் தொடுவதில்லை.

ஆனால் அப்புறம் என்ன செய்தார்கள்? அதே ஆண்டு அக்டோபரில் பச்சை மாட்டிறைச்சிக்குக் கடும் விதி. 2012 ஜூலையில் பச்சை மாட்டு ஈரலுக்குத் தடை. 2015-ல் பச்சைப் பன்றிக்கும். இங்கே முட்டையில் போடும் தேதியே, எதுவரை பச்சையாகச் சாப்பிடலாம் என்பதற்குத்தான்.

நம்மூருக்கு வருவோம். அதே 2012 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஷவர்மா வாங்கிச் சாப்பிட்ட ஓர் இளைஞர், பெங்களூர் போன இடத்தில் இறந்தார். கொஞ்ச நாள் ரெய்டு, டிவியில் கூச்சல். 2022 மே மாதம் காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள்; பாதிக்கப்பட்டவர்களிடம் ஷிகெல்லா கிருமி இருந்தது. பச்சை முட்டை மயோனைஸுக்கு கேரளா தடை போட்டதோ 2023 ஜனவரியில். தமிழ்நாடு அதற்கும் பின்னால், 2025 ஏப்ரலில். அதுவரை "சேட்டா, இன்னொரு கப் மயோனைஸ்" என்று கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள் நாம்தான்.

உடனே "அரபி சாப்பாடே வேண்டாம், நம்ம சோறு போதும்" என்று கிளம்பாதீர்கள். மீந்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்தால் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி நஞ்சைக் கக்கும். மறுபடி சுடவைத்தாலும் அது போகாது. கிருமிக்குப் பாஷை, மதம் எதுவும் கிடையாது. சூடும் நேரமும்தான் கணக்கு. கம்பியில் சுற்றும் கறிக்கு வெளிப்பக்கம் வெந்திருக்கும். கூட்டம் அதிகமானால் உள்ளே வேகுமுன் சீவிவிடுவார்கள். அதை 'வெந்த கறி' என்று நம்பித் தின்கிறோம்.

பார்சலில் செய்த நேரத்தை எழுதி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பதும் கேரளாவில் 2023-ல் வந்த விதிதான். ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் "ஸ்டிக்கர் எங்கே?" என்று கேட்டேன். "இப்போ உண்டாக்கியதா சாரே" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே காசு கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பார்சல் மருமகனுக்கு.

அக்கா, என் மீனை விடு. அடுத்த தடவை ஸ்டிக்கர் இல்லாவிட்டால் பார்சலைத் திருப்பிக் கொடு.