முதலிடம் விலைக்குக் கிடைக்காது

சென்னைக்கு வடக்கே, எண்ணூரைத் தாண்டி, ஒரு புறம் கடலும் மறு புறம் கழியுமாகச் சூழ்ந்து கிடக்கும் மணல் திட்டுக்குக் காட்டுப்பள்ளி என்று பெயர். ஒரு தலைமுறைக்கு முன்பு மீனவர்களையும் சுற்றுப்புறக் கிராமத்தாரையும் தவிர வேறு யாரும் அதிகம் அறியாத ஊர் இது. இன்று அங்கே துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் வகையில் அமைந்து, 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த 'சார்லஸ் ட்ரூ' என்ற கப்பல் பழுது பார்ப்பதற்காக இங்கே வந்து நின்றது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று அத்தகைய வேலைக்காக இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

பெரிய ஸ்தாபனங்களுக்கு நாம் யோசனை சொல்லத் தேவையில்லை. அவர்கள் பெயரை உலகம் அறியும். நம்முடைய கவலையெல்லாம் அவர்களை அண்டிப் பிழைக்கும் சிறு தொழிலாளரைப் பற்றியது. மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் எத்தனை எத்தனை பட்டறைகள்! குழாய் வெல்டிங், கடைசல் வேலை, பெயிண்டிங், கன்டெய்னர் பழுது, லாரி போக்குவரத்து என்று ஐந்து பேர், பத்துப் பேரை வைத்துக்கொண்டு நடத்துகிறவர்கள். கைத்திறமையில் இவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஆயினும் துறைமுகத்தின் வாசலிலேயே இருந்துகொண்டு வேலை கிடைக்காமல் தவிக்கிறவர்கள் இவர்களிலே பலர்.

காரணம் யாது? முன்பெல்லாம் ஒரு வேலை வந்தால் தெரிந்தவரைக் கேட்பார்கள். இன்று பம்பாயிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கும் கப்பல் கம்பெனி மானேஜர், கைபேசியை எடுத்து, இன்ன துறைமுகத்துக்கு அருகே இன்ன வேலை செய்பவர் யார் என்று தேடுபொறியைக் கேட்கிறார். முதல் பக்கத்தில் வருகிற நாலைந்து பெயர்களோடு அவருடைய தேடல் முடிந்து விடுகிறது. அதில் இல்லாத பட்டறை, அவரைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

இது பட்டறைக்காரர்களுக்கும் தெரியாமல் இல்லை. அதனால்தான் கடன் வாங்கியாவது ஓர் இணையதளம் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். முகப்பு, எங்களைப் பற்றி, எங்கள் சேவைகள், படங்கள், தொடர்பு என்று ஐந்து பக்கங்கள் இருக்கும். "உலகத் தரம், உன்னத சேவை, நியாயமான விலை" என்று எழுதியிருக்கும். இதே வாசகம் ஆயிரம் தளங்களில் இருக்கிறது. இதைப் படித்து யார் என்ன தெரிந்துகொள்ள முடியும்? ஓராண்டு காத்திருந்தும் ஒரு விசாரணைகூட வராதபோது, "தேடுபொறியில் உங்களை முதலிடத்துக்குக் கொண்டு வருகிறோம், மாதம் இவ்வளவு கொடுங்கள்" என்று ஒருவர் வந்து நிற்கிறார். பட்டறைக்காரரும் கொடுத்து ஏமாறுகிறார். இந்தத் தொழிலை நாணயமாகச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் அதை நம்ப வேண்டாம். அப்படி எவராலும் உறுதி கூற முடியாது என்று கூகுள் நிறுவனமே தன்னுடைய வழிகாட்டிக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்தால் விளம்பரம் என்ற அடையாளத்தோடு மேலே ஓர் இடம் கிடைக்கும். பணம் நின்ற அன்றே அந்த இடமும் போய்விடும். விளம்பரமல்லாத வரிசையில் உள்ள இடத்தை அந்த நிறுவனம் விற்பதில்லை.

அப்படியானால் அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது? தேடுபொறியை ஒரு பெரிய புத்தகசாலையின் குமாஸ்தாவாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேலை மூன்று. எங்கெங்கே என்னென்ன ஏடுகள் இருக்கின்றன என்று சுற்றிப் பார்த்து வருவது ஒன்று. பார்த்த ஏடுகளில் எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து வைப்பது இரண்டு. கேட்டு வருகிறவருக்கு எது அதிகம் பயன்படும் என்று சீர்தூக்கி, வரிசைப்படுத்தித் தருவது மூன்று. 1998ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற ஸ்டான்போர்டு பல்கலைக் கழக மாணவர்கள் இருவர் கூகுளைத் தொடங்கியபோது, இந்த மூன்றாவது வேலைக்கு ஒரு புது வழி கண்டார்கள். ஒரு பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுகிறவை மதிப்புள்ளவைதாமா என்று பார்ப்பதே அந்த வழி. ஊரில் நாலு பெரியவர்கள் நல்ல வார்த்தை சொன்னால் அந்த வைத்தியரிடம் கூட்டம் சேருவதில்லையா? அதே நியாயந்தான் இது. இன்று அதனோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன.

நல்ல வார்த்தைக்கு மதிப்பு வந்ததும், அதை விலைக்கு வாங்குகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். பொய்த் தளங்களை உண்டாக்கிச் சுட்டிக் காட்டச் செய்தார்கள். ஒரே சொல்லைப் பக்கமெல்லாம் இறைத்தார்கள். சில காலம் இது பலித்தது. 2011ஆம் ஆண்டில் சாரமற்ற பக்கங்களைக் கீழே தள்ளும் முறையையும், 2012ஆம் ஆண்டில் போலிச் சுட்டிகளைப் பிடிக்கும் முறையையும் கூகுள் கொண்டு வந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வரிசையில் இடம் பிடிப்பதற்காகவே மலை மலையாக உற்பத்தி செய்து குவிக்கும் எழுத்துக்கு எதிராகவும் விதி செய்தது. அதை எழுதியது மனிதரானாலும் எந்திரமானாலும் விதி ஒன்றே. குறுக்கு வழியில் போனவர்களின் தளங்கள் ஒரே நாளில் அடியிலே விழுந்திருக்கின்றன. குமாஸ்தா எப்போதும் சரியாகவே தேர்ந்தெடுக்கிறார் என்று நாம் சொல்லவில்லை. நல்ல பக்கம் கீழே கிடப்பதும் உண்டு. ஆனால் அவர் தேடுவது இன்னதென்று தெரிந்துவிட்டது. கேட்கிறவருக்குப் பயன்படும் விஷயத்தை, அனுபவத்தில் அறிந்தவர் எழுதியிருக்க வேண்டும். இவ்வளவுதான் சூட்சுமம்.

இங்கேதான் நம்முடைய பட்டறைக்காரருக்கு இடம் இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் கன்டெய்னர் பழுது பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளில் அவர் கற்றது கொஞ்சமா? கடற்காற்றில் எந்த மூலை முதலில் துருப்பிடிக்கும், கதவு ரப்பர் போய்விட்டது என்பதை உள்ளே நின்று வெளிச்சம் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, தரைப் பலகையை எப்போது மாற்ற வேண்டும், எப்போது ஒட்டுப் போட்டாலே போதும், கதவில் பொறித்திருக்கும் பாதுகாப்புத் தகடு என்ன சொல்கிறது, குளிர்பதனக் கன்டெய்னரில் சரக்கு ஏற்றுமுன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பவையெல்லாம் அவருக்கு மனப்பாடம். இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர் தேடுபொறியில் கேட்கும் கேள்வி. ஆனால் இவரிடம் உள்ள விடை இவருடைய மண்டைக்குள்ளே இருக்கிறது. குமாஸ்தாவால் மண்டைக்குள் புகுந்து படிக்க முடியாதன்றோ?

ஆகவே தளத்தில் ஒரு கட்டுரைப் பகுதியைத் தொடங்கி, ஒரு கேள்விக்கு ஒரு பக்கமாக அவர் எழுதி வைக்க வேண்டும். அதைத் தொடங்கும் முறையிலும் கவனம் தேவை. சிலர் கம்பெனித் தளத்தை ஒரு விலாசத்திலும், கட்டுரைகளை வேறு யாரோ இனாமாகத் தரும் விலாசத்திலும் வைக்கிறார்கள். இது வாடகை மனையில் மாடி கட்டுவது போன்றது. நற்பெயர் சேர்ந்தால் அது மனைக்காரருக்குப் பாதி போகும். அவர் கடையைக் கட்டினால் முழுதும் போகும். சொந்த விலாசத்தின் கீழேயே ஒரு பிரிவாக வைப்பதுதான் சிறு தொழிலுக்கு எளிது. தலைப்பு விஷயத்தைச் சொல்ல வேண்டும். 'எங்கள் எண்ணங்கள்' என்று தலைப்பிட்டால் யார் தேடுவார்கள்? 'கன்டெய்னர் கதவு ரப்பரை மாற்றுவது எப்படி?' என்று இட வேண்டும். எழுதியவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். படம் சொந்தப் பட்டறையில் எடுத்ததாக இருக்கட்டும். கைபேசியில் சட்டென்று திறக்க வேண்டும். ஏனெனில் கூகுள் இன்று தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கிறது. ஒரு கட்டுரையிலிருந்து அதனோடு சம்பந்தப்பட்ட மற்றொன்றுக்கும், பட்டறையின் சேவைப் பக்கத்துக்கும் வழி காட்ட வேண்டும். பழைய பக்கத்தின் விலாசத்தை மாற்ற நேர்ந்தால் புது விலாசத்துக்குத் தானே திருப்பி விடும்படி செய்ய வேண்டும். 'சர்ச் கன்சோல்' என்ற இலவச வசதியில் தளத்தைப் பதிந்து, எந்தச் சொல்லைத் தேடி எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் பட்டறையின் பெயரையும் வேலை நேரத்தையும் பதிவதற்கும் காலணா செலவில்லை.

பெயர் விஷயத்தில் நம் பக்கத்து ஊர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் காட்டுப்பள்ளிக்கு ஒரு 'பி' போடுகிறவரும் உண்டு, இரண்டு 'பி' போடுகிறவரும் உண்டு. திருவள்ளூருக்கு 'டி'யை அடுத்து 'எச்' வருமா வராதா என்பது தீராத வழக்கு. பழவேற்காட்டையோ வெளியூர்க்காரர் 'புலிகாட்' என்றே தேடுவார். எல்லா எழுத்துக்களையும் ஒரு பக்கத்தில் கொட்டிக் குவிக்க வேண்டியதில்லை. வழக்கிலுள்ள இரண்டொன்றை இயல்பாக வரும் இடத்தில் சொன்னால் போதும்.

அந்தப் புலிகாட் என்ற பெயருக்குள் ஒரு பாடம் இருக்கிறது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளைக் கீழ்க்கடல் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். பிற்காலத்தில் வண்ணக் கைக்குட்டை ஒன்றுக்கே 'புலிகாட்' என்று பெயர் உண்டாகி, அது ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. ஊருக்குப் புகழ் வந்தது. வியாபாரிக்கு லாபம் வந்தது. நெய்த கைகளின் பெயரை இன்று யார் அறிவார்? கணக்கு எழுதியவன் வியாபாரி, நெய்தவன் எழுதவில்லை. இன்று அதே பழவேற்காட்டில் பெண்கள் பனை ஓலையில் பின்னும் கூடைக்கும் பெட்டிக்கும் இந்தக் கதி நேரக்கூடாது. காட்டுப்பள்ளியின் பெயரைத் தேடுகிறவர் துறைமுகத்தை மட்டும் கண்டு, ஊரையும் மீனவரையும் பட்டறைக்காரரையும் காணாமல் திரும்பும் நிலையும் வரக்கூடாது. நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால், பிறர் எழுதியதே நம் கதையாகிவிடும்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்கலாம். கப்பல் கம்பெனிக்கு ஆங்கிலம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் லாரி முதலாளியும், பட்டறைக்கு வேலைக்கு வரும் இளைஞனும், மீன் ஏற்றுமதி செய்ய நினைக்கும் உள்ளூர்க்காரரும் தமிழிலேயே கேட்கிறார்கள். தொழில் விஷயங்களில் தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலத்தைவிட மிகக் குறைவு. போட்டி குறைந்த சந்தையில் முதலில் கடை விரித்தவருக்கு லாபம் என்பதை வியாபாரிக்கு நாம் சொல்லித் தர வேண்டுமா? 2024ஆம் ஆண்டு முதல் கூகுள் தேடலின் உச்சியில் எந்திரமே விடையைத் தொகுத்துக் கொடுக்கவும் தொடங்கிவிட்டது. அதனால் தளங்களுக்கு வருகிறவர் தொகை குறையுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த எந்திரமும் மனிதர் எழுதி வைத்ததிலிருந்துதான் தொகுக்கிறது. தமிழில் எழுதாத செய்தியை அது எங்கேயிருந்து எடுக்கும்?

"எனக்கு எழுத வராது, நேரமும் இல்லை" என்பார் பட்டறைக்காரர். இலக்கியம் எழுதச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் கேட்ட கேள்விக்கு வாயால் சொன்ன பதிலைக் கைபேசியில் பேசிப் பதிந்து, பள்ளிக்கூடம் போகும் மகளையோ மகனையோ விட்டு எழுதச் சொன்னால் போதும். மாதம் இரண்டு பக்கம் என்றாலும் ஆண்டுக்கு இருபத்து நான்கு ஆகிறது. பலன் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். சில சமயம் ஓராண்டும் ஆகலாம். தென்னங்கன்று வைத்த மறுநாள் இளநீர் கேட்கலாமா?

இதில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. மாவட்டத் தொழில் மையமும் சிட்கோ நிறுவனமும் தொழிற்பேட்டைச் சங்கங்களும் கூடி, சிறு தொழிலாளருக்குத் தமிழிலேயே ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். பாலிடெக்னிக் மாணவர்களைப் பட்டறைகளுக்கு அனுப்பி, அங்குள்ள தொழில் அறிவை எழுத்தில் பதியச் செய்யலாம். பட்டறைக்குப் பக்கங்கள் கிடைக்கும். மாணவனுக்குத் தொழில் தெரியும். கோடிக்கணக்கில் ரஸ்தாவும் பாலமும் போடும்போது, இதற்கு ஆகும் செலவு ஒரு பொருட்டல்ல.

துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் வழி காட்டுகிறது. விளக்கை ஏற்றாமல் இருந்துவிட்டு, கப்பல் வரவில்லையே என்று கரையில் நின்று வருந்துவதில் பயனில்லை. விளக்குக்கு வேண்டிய எண்ணெய் நம் பட்டறைகளில் நிறைய இருக்கிறது. ஏற்றி வைக்க வேண்டியதுதான் பாக்கி. இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பக்கத்தை எழுதிப் பார்க்கட்டுமே!